ஒட்டாத மொசைக்கும் ஒட்ட வேண்டிய தமிழும்

என் அப்பாவுக்கு மொசைக் ஒட்டத் தெரியாது என்று எங்கள் தோட்டத்தில் இன்றும் சிலர் சொல்வார்கள். ரந்தாவ் பக்கமுள்ள அந்தத் தோட்டத்து மண்டபச் சுவரில் அவர் பதித்த மொசைக்குகள் ஓராண்டுக்குள் கழன்று விழுந்தன. சொன்னவர்களைக் குறை கூற நான் எழுதவில்லை. குறை வேறிடத்தில் இருக்கிறது.

ரப்பர் போய்ச் செம்பனை வந்த பிறகு, மரம் சீவிய கை கரணையைப் பிடித்தது. மூத்தவர்களைப் பார்த்துக் கற்ற தொழில்: மொசைக்கை நீரில் ஊற வை, சிமெந்துப் பசையைப் பூசு, சுவரில் அழுத்து. அன்றைக்கு அது சரியான பாடம்தான். பழைய சுவர் மொசைக்குகள் தம் எடையில் பத்து விழுக்காட்டுக்கும் மேல் நீரை உறிஞ்சுபவை. அந்த நுண்துளைகளில் சிமெந்து புகுந்து இறுகிக்கொள்ளும். மண்டபத்துக்கு வாங்கியதோ போர்சலின். அது உறிஞ்சுவது 0.5 விழுக்காட்டைத் தாண்டாது. புகத் துளையில்லாத இடத்தில் வெறும் சிமெந்து எதைப் பற்றும்? பாலிமர் கலந்த ஒட்டுக்கலவை அதற்காகவே வந்தது.

ஐ.எஸ்.ஓ. 13007 தரத்தின்படி, சி1 வகைக் கலவை சதுர மில்லிமீட்டருக்கு 0.5 நியூட்டன் இழுவிசையைத் தாங்க வேண்டும். சி2 வகை 1 நியூட்டன். நீரில் ஊறிய பின்னும், சூட்டில் இருந்த பின்னும் அந்தப் பிடி குறையக் கூடாது. கணக்குப் போட்டால், 30 செ.மீ. சதுர மொசைக் முழுப்பரப்பும் ஒட்டியிருந்தால் சி1 கலவையே சுமார் நாலரை டன் இழுப்பைத் தாங்கும். ஆனால் கட்டி கட்டியாக வைத்தால் பாதிப் பரப்புகூட ஒட்டாது. பூசிய கலவையை வெயிலில் காயவிட்டால் மேலே ஆடை படிந்துவிடும். இறுகத் தொடங்கியதில் மீண்டும் நீர் ஊற்றினால் வலிமை குறைந்துவிடும்.

இவற்றை நான் பொறியியல் படிக்க வந்த பிறகே அறிந்தேன். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டோடு நின்ற அப்பாவுக்குச் சொல்வார் யார்? கவியரங்கமும் பட்டிமன்றமும் நமக்கு வேண்டும். ஆனால் உழைப்பவர் கைக்கு உதவும் அறிவும் தமிழில் வேண்டும். நம் கழகம் ஆண்டுக்கு ஒரு தொழிலுக்காவது எளிய தமிழில் கையேடு எழுதட்டும்.

சென்ற விடுமுறையில் மேற்கண்டதை ஒரு தாளில் எழுதி அப்பாவிடம் கொடுத்தேன். இரண்டு முறை படித்தார். "இத அப்பவே யாராச்சும் சொல்லியிருந்தா நான் அப்படிச் செஞ்சிருப்பேனா, ஐயா?" என்றார்.

தோழர்களே, அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் நாம்தான்.