நினைவுக்கும் உண்டு மாண்பு

நினைவு கற்றவர்க்கு மட்டுமே உரிய செல்வமன்று. அறிவு வளர்ச்சி குன்றியோரை அணுகி, அவர்தம் கடந்த கால நினைவுகளைக் கேட்டுப் பதிவு செய்யும் பணி இங்கிலாந்தில் இவ்வுண்மையை மெய்ப்பித்துள்ளது.

மேபல் கூப்பர் என்னும் அம்மையார் இளமையிலேயே கேட்டர்ஹாம் நகரத்துச் செயிண்ட் லாரன்ஸ் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். கற்க இயலாதவர் என்று கருதி அவருக்குக் கல்வியை மறுத்தனர். ஆண்டுகள் பல அங்கேயே கழிந்தன. எழுதப் படிக்க அறியாத அவர் வாய்மொழியாகக் கூறிய வரலாற்றைத் திறந்தநிலைப் பல்கலைக்கழக ஆய்வாளர் டோரதி அட்கின்சன் பொறுமையுடன் கேட்டு எழுத்தாக்கினார். அது 1997இல் நூலேறியது. 2010இல் அப்பல்கலைக்கழகமே அம்மையாருக்கு மதிப்புறு பட்டம் வழங்கிற்று. பட்டம் அளிக்கும் நிறுவனங்களில் பணிபுரியும் நாம் இதனைச் சிந்தித்தல் வேண்டும்.

பார்வையற்ற தோழர் நாடி வந்தபோது முகம் திருப்பலாகாது எனத் திருமறையின் 'அபஸ' அத்தியாயம் உணர்த்துகிறது. நாமோ விருந்தினர் வருங்கால் நம் இல்லத்து இத்தகையோரை உள்ளறையில் இருத்துகிறோம். உணவும் உடையும் அளித்ததோடு கடமை முடிந்ததெனக் கருதுகிறோம். நினைவுகளுள் துயரமும் இருக்கும்; ஆதலின் அவர்தம் விருப்பமறிந்தே கேட்டல் முறை. வரும் பெருநாளன்று பழைய குடும்ப நிழற்படம் ஒன்றை அவர்கள் கையில் தந்து, அருகமர்ந்து, சொல்வதைச் செவிமடுப்போமாக!