கமென்ட் எழுதுவது கேவலமா?

"நல்ல நிரல் தானே பேசும், அதற்குக் கமென்ட் எதற்கு?" என்று கேட்கிற தம்பி தங்கைகளுக்கு என் பதில் இது. நிரல், தான் செய்வதைச் சொல்லும். எதைச் செய்யாமல் விட்டது, ஏன் விட்டது என்று அது எப்படிச் சொல்லும்?

ரெடிஸை எடுத்துக்கொள்ளுங்கள். இத்தாலிக்காரர் சால்வதோரே சான்ஃபிலிப்போ 2009-இல் வெளியிட்டது. வருகிற கட்டளைகளை ஒரே திரெட், ஒரே ஈவென்ட் லூப்பில் வரிசையாக முடிக்கிறது. ரேஷன் கடையில் எடை போட ஒரே ஆள் இருப்பது போல. அவர் தாமதித்தால் வரிசையே நிற்கும்.

அந்த லூப்பில், அடுத்த டைமர் எது என்று பார்க்க, வரிசைப்படுத்தாத லிங்க்டு லிஸ்ட் முழுவதையும் தேடுகிறார்கள். "ஹீப் போடக்கூடாதா சார்?" என்று எந்த மாணவனும் கேட்பான். பதில் அங்கேயே கமென்டாக இருக்கிறது: டைமர் கூடக் கூடத் தேடும் நேரமும் கூடும்; வரிசையாகச் செருகினால் தேடல் சுலபம், ஆனால் செருகும் செலவு ஏறும்; ஸ்கிப் லிஸ்ட் அதைவிட நல்லது; ரெடிஸுக்கு இதுவரை தேவைப்படவில்லை.

சில வரிகள்தான். வேலையில்லாமல் திருத்த வருகிறவனைத் தடுக்கிறது. பத்தாயிரம் டைமர் உள்ள இடத்துக்கு அதை அப்படியே நகலெடுக்கிறவனை எச்சரிக்கிறது. "இதுவரை" என்ற சொல்லைக் கவனியுங்கள். நிலைமை மாறினால் முடிவையும் மாற்று என்று அர்த்தம்.

ராபர்ட் மார்ட்டினின் 'கிளீன் கோட்' (2008) கமென்டைத் தோல்வி என்கிறதே என்பார்கள். நோக்கத்தை விளக்குவதும், விளைவை எச்சரிப்பதும் நல்ல கமென்ட் என்று அதே புத்தகம் ஒப்புக்கொள்கிறது. அந்தப் பக்கத்தை மட்டும் யாரும் புரட்டுவதில்லை!

கமென்ட் பழசாகிப் பொய் சொல்லும் என்பது உண்மை. அதற்கு வழி எழுதாமல் விடுவதா? நிரலை மாற்றுகிறவன் கமென்டையும் மாற்றினானா என்று ரிவ்யூவில் கேளுங்கள். 'வேகத்துக்காக' என்று மொட்டையாக எழுதாதீர்கள். என்ன அளந்தீர்கள், எவ்வளவு சுமையில், எதை விட்டுக்கொடுத்தீர்கள் என்று எழுதுங்கள்.

சான்ஃபிலிப்போ 2018-இல் கமென்டுகளை 9 வகையாகப் பிரித்தார். அதில் ஒன்றுக்கு 'ஆசிரியர் கமென்ட்' என்றே பெயர். எங்கள் தொழிலில் இது பழைய விதி: விடையை மட்டும் எழுதினால் முழு மார்க் கிடையாது, வழிமுறையும் வேண்டும்.