ஆறாம் வகுப்புக்குப் பிறகு

"அஞ்சாவது வரைக்கும் நல்லாத்தான் இருந்தான், ஆறாவது போனதும் கெட்டுப்போயிட்டான்." போடிநாயக்கனூர் பக்கம் ஒரு பிள்ளையைப் பற்றிய புகார் பெரும்பாலும் இப்படித்தான் தொடங்கும். வகுப்புக்கு மட்டம் போடுகிறான், எதிர்த்துப் பேசுகிறான், சின்னப் பையன்களை அடிக்கிறான் என்று வளரும். செல்போன், சேர்க்கை என்று சுற்றி, கடைசியில் பழி தாயின் மேல் வந்து நிற்கும். வயதின் வேகமும் இதில் உண்டுதான். ஆனாலும் அந்தப் பிள்ளையின் ஒரு நாள் எப்படிக் கழிகிறது என்று பார்த்துவிட்டுக் காரணம் பேசுவதே நியாயம்.

ஏலத்தோட்ட வேலைக்குப் போகிற பெண்கள் விடியும் முன்பே சோற்றுச் சட்டியோடு ஜீப்பு ஏறிவிடுகிறார்கள். 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து போடிமெட்டு வழியாகப் பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலை என்று வேலை எங்கே இருக்கிறதோ அங்கே போகிறார்கள். வீடு திரும்ப இருட்டிவிடும். காயெடுப்பு நடக்கும் மாதங்களில் பிள்ளை கண்விழிக்கும்போது அம்மா இல்லை. பள்ளி விட்டு வரும்போதும் இல்லை. அரசுத் தொடக்கப் பள்ளியில் படிக்கும்வரை காலையில் சூடாக ஏதோ வயிற்றுக்குள் போகிறது. 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கப்பட்ட முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்புவரை படிப்பவர்களுக்கானது. ஆறாம் வகுப்பில் கால் வைத்ததும் அந்தத் தட்டு போய்விடுகிறது. அம்மாவின் ஜீப்பு நேரம் மட்டும் மாறுவதில்லை. பசியோடு உட்கார்ந்திருக்கும் பதினோரு வயதுப் பையன் முதல் இரண்டு பாடவேளைகளில் எரிந்து விழுவதற்குத் தனியாகக் காரணம் தேட வேண்டுமா?

பெண்பிள்ளைகளிடம் இதே நெருக்கடி சத்தமில்லாமல் வெளிப்படுகிறது. மூத்தவள் சோறாக்கி, தம்பிக்குத் தலைவாரி, குடித்துவிட்டு வரும் அப்பாவுக்குப் பயந்து கதவைத் தாழிட்டுப் படுக்கிறாள். வகுப்பில் பேச்சு குறைகிறது, விடுப்பு கூடுகிறது. யாரையும் அடிக்காததால் அவள் புகார்ப் பட்டியலில் ஏறுவதே இல்லை. படிப்பை நிறுத்திவிட்டுக் கல்யாணம் பேசும்போதுதான் பள்ளிக்கு அவள் நினைவு வருகிறது. இந்த வட்டாரத்தில் எனக்கு மிகுந்த கவலை தருவது இந்த அமைதிதான்.

ஆளில்லாத மாலைப் பொழுதைத் தெரு எடுத்துக்கொள்கிறது. கூல் லிப் புகையிலை விற்பவரும் வருகிறார், கையில் சாதிக் கயிறு கட்டிவிடும் அண்ணனும் வருகிறார். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவரைச் சக மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன்பின் அமைக்கப்பட்ட நீதிபதி கே. சந்துரு குழு, சாதியைக் காட்டும் கயிறுகளைப் பள்ளியில் தடுக்கச் சொன்னது. கயிற்றை அறுத்துவிடலாம். கட்டிவிட்டவர் கொடுத்த உறவுக்கு ஈடாக நாம் எதைக் கொடுக்கப்போகிறோம்?

தாய் வேலையை விட்டுவிட முடியாது. அந்தக் கூலியில்தான் குடும்பம் ஓடுகிறது. விட வேண்டியதும் இல்லை. கரும்பு, அன்னாசித் தோட்டங்கள் நிறைந்த ஹவாயின் கவாய் தீவில் 1955இல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னரும் ரூத் ஸ்மித்தும் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். வறுமை, வீட்டுச் சண்டை, பெற்றோரின் குடி என்று பல துன்பங்கள் சேர்ந்து அழுத்திய பிள்ளைகளிலும் மூன்றில் ஒரு பங்கினர் நன்றாகத் தலையெடுத்தார்கள். அவர்கள்மேல் மாறாத அக்கறை காட்டிய பெரியவர் ஒருவராவது அருகில் இருந்தார். அம்மாச்சியோ, அத்தையோ, ஆசிரியரோ. பதின்வயதில் தடம் மாறியவர்களிலும் பெரும்பாலோர் முப்பதுகளில் தேறிவிட்டார்கள்.

சட்டமும் நம் போடிப் பிள்ளைகளை எட்டவில்லை. 50 பெண்கள் வேலை செய்யும் தோட்டத்தில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்றது 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம். தோட்டம் இருப்பது கேரளத்தில், பிள்ளை இருப்பது போடியில். அந்தக் காப்பகமும் ஆறு வயதுக்கு உட்பட்டவர்களுக்குத்தான்.

காது மந்தம், பார்வைக் குறை, எழுத்து பிடிபடாத கற்றல் குறைபாடு, மிகைச் சுறுசுறுப்பு ஆகியவையும் சேட்டையாகவே வெளியே தெரியும். பிரம்பால் இவை தீரா. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பிரம்பைத் தடை செய்தும்விட்டது. சோதித்துப் பார்க்கத் தேனி அருகே உள்ள க.விலக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கூட்டிப்போனால் தாய்க்கு ஒரு நாள் கூலி போகிறது. சோதிப்பவர்கள் போடிப் பள்ளிகளுக்கு வருவதே முறை.

காலை உணவைப் பத்தாம் வகுப்புவரை நீட்டுங்கள். காயெடுப்பு மாதங்களிலாவது மலையடிவாரப் பள்ளிகளை இரவு ஏழு மணிவரை, சுண்டலோடும் விளையாட்டோடும் திறந்து வையுங்கள். தலைமையாசிரியர்களே, டி.சி. எழுதப் பேனாவை எடுக்கும் முன் அந்தப் பிள்ளையின் வீட்டுக்கு ஒருமுறை, இரவு எட்டு மணிக்குமேல், போய் வாருங்கள்.