ராஜகிரியில் மூச்சு வாங்கிய கதை

செஞ்சிக் கோட்டையைப் பிடித்தவர்கள் லிஸ்ட் ரொம்ப நீளம். 1677-ல் சிவாஜி பிடித்தார். 1698-ல் மொகலாயர்கள் பிடித்தார்கள். அதற்காக ஏழெட்டு வருஷம் வெளியிலேயே காத்துக் கிடந்தார்கள், பாவம்! 1750-ல் பிரெஞ்சுக்காரன், 1761-ல் இங்கிலீஷ்காரன். கடைசியாகப் பிடிக்கப் போனவர் என் நண்பர். செஞ்சிக்காரர்தான். ஒரு ஆபீஸில் கிளார்க். பேர் வேண்டாம், மனுஷனுக்கு மானப் பிரச்னை.

2025-ல் யுனெஸ்கோ பட்டியலில் செஞ்சி சேர்ந்தாலும் சேர்ந்தது, அவருடைய சென்னைச் சொந்தக்காரர்களுக்கெல்லாம் திடீரென்று செஞ்சி மேல் பாசம் பொங்கிவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வேன் பிடித்து வந்து இறங்கினார்கள். புளியோதரை, தயிர்சாதம் கட்டிக்கொண்டு மொத்தக் குடும்பமும் கோட்டைக்குக் கிளம்பியது.

கல்யாண மஹால், நெற்களஞ்சியம் எல்லாம் பார்த்தாயிற்று. ராஜகிரி ஏற ஆரம்பித்தார்கள். சுமார் 800 அடி உயரம். நூறு படி ஏறுவதற்குள் நண்பரின் மனைவி உட்கார்ந்துவிட்டார். வயசு முப்பத்திரண்டுதான். முகம் வெளுத்து, மூச்சு வாங்குகிறது. குரங்குகள் வேறு பையைக் குறிவைத்துச் சுற்றி வந்துவிட்டன.

நம்மாளு என்ன சொல்லியிருக்க வேண்டும்? "என்னம்மா பண்ணுது?" என்றுதானே? அவர் சொன்னது இது:

"எங்கம்மாவுக்கு அறுபத்தி மூணு வயசு. அங்க பாரு, ஏறிக்கிட்டே இருக்காங்க. நீ வீட்லயும் இப்படித்தான். நாலு துணி துவைச்சா படுத்துக்கற!"

சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். அந்த அம்மா ஒன்றும் பேசவில்லை. எழுந்து, ரெண்டு படி ஏறி, கண் இருட்டி விழப் போனார். மைத்துனிதான் தாங்கிப் பிடித்தார். பிடித்துக் கொண்டே காதில் ஏதோ கேட்டார். பதில் சொன்னதும் மைத்துனியின் முகம் மாறியது. நேராக நண்பரிடம் வந்தார்.

"அண்ணே, அண்ணிக்கு இது ஒன்பதாவது நாளு. ஒரு வருஷமா மாசாமாசம் இப்படித்தானாம். உங்களுக்குத் தெரியாதா?"

"எதுக்கு ஒன்பதாவது நாளு?" என்று கேட்டார் நம்மாளு. சத்தியமாகக் கேட்டார்!

மறுநாள் லேடி டாக்டரிடம் போனார்கள். டாக்டர் பரிசோதித்துவிட்டு நம்மாளைப் பார்த்துக் கேட்டாராம்.

"எத்தனை நாளைக்கு ஒரு தடவை வருது?"

"மாசத்துக்கு... ஒரு தடவை இருக்கும் மேடம்."

"கடைசியா எப்ப வந்தது?"

நம்மாளு சீலிங் ஃபேனைப் பார்த்தார்.

"சரி, வெளியில நிக்குதே பைக், உங்களுதா? கடைசியா எப்ப சர்வீஸ் விட்டீங்க?"

"பதினாலாம் தேதி மேடம். ஆயில் மாத்தி, பிரேக் ஷூ போட்டேன். அடுத்தது 3,000 கிலோமீட்டர்ல!" மூச்சு விடாமல் சொல்லிவிட்டு, அப்புறம்தான் நாக்கைக் கடித்துக் கொண்டிருக்கிறார்.

டாக்டர் சிரிக்கவில்லை. அடுத்ததாக அந்த அம்மாவிடம், "பச்சரிசி மெல்லுற பழக்கம் உண்டா?" என்று கேட்டார். நம்மாளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அரிசி டின்னைத் திறந்து அள்ளி வாயில் போடுகிறாள் என்று எத்தனை நாள் திட்டியிருக்கிறார்! இரும்புச் சத்து குறைந்தவர்களுக்கு அரிசி, மண், ஐஸ்கட்டி என்று எதையாவது மெல்லத் தோன்றுமாம். அது தீனிப் பழக்கம் இல்லை, உடம்பு கொடுத்த சிக்னல்.

ரத்தம் டெஸ்ட் செய்தார்கள். ஹீமோகுளோபின் குறைந்தது 12 இருக்க வேண்டும். இருந்தது 7.4. ஸ்கேனில் கர்ப்பப்பையில் ஒரு நார்க்கட்டி. ஃபைப்ராய்டு என்பார்கள். புற்றுநோய் இல்லை, பயப்பட வேண்டாம் என்றார் டாக்டர். ஆனால் ஒரு வருஷமாக உடம்பிலிருந்த ரத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக அது காலி பண்ணிக்கொண்டிருந்தது. அந்த உடம்போடுதான் அவர் சமைத்தார், துவைத்தார், பிள்ளையை ஸ்கூலுக்கு அனுப்பினார். அந்த உடம்போடுதான் கோட்டை ஏறச் சொன்னார்கள்.

இது ஒரு வீட்டுக் கதை இல்லை சார். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 15 முதல் 49 வயசுப் பெண்களில் ரத்தசோகை உள்ளவர்கள் இந்தியாவில் 57 சதவீதம், தமிழ்நாட்டில் 53.4 சதவீதம். பாதிக்கு மேல்! சாப்பாடு ஒரு காரணம். மாசாமாசம் அதிகமாகப் போவது இன்னொரு காரணம். யாரும் கேட்பதில்லை, அவர்களும் சொல்வதில்லை.

ஆகவே, பைக் மேனுவலை வரிவிடாமல் படிக்கிற இளைஞர் திலகங்களே, இந்த மேனுவலையும் கொஞ்சம் படியுங்கள்.

முதல் நாளிலிருந்து அடுத்த முதல் நாள் வரை எண்ண வேண்டும். 21 முதல் 35 நாளுக்குள் வந்தால் சரி. கரெக்டாக 28 வராவிட்டால் வியாதி இல்லை. வயசுக்கு வந்த முதல் ரெண்டு மூணு வருஷம் முன்னே பின்னே ஆகும். ரத்தப்போக்கு ரெண்டு நாளிலிருந்து ஏழு நாள் வரை இருக்கலாம்.

ஏழு நாளைத் தாண்டினால், ஒரு மணி ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை நாப்கின் மாற்ற வேண்டியிருந்தால், பெரிய பெரிய கட்டியாக விழுந்தால், ராத்திரி எழுந்து மாற்ற வேண்டியிருந்தால், 'அவளுக்கு அப்படித்தான்' என்று விடக்கூடாது. காரணம் நார்க்கட்டியாக இருக்கலாம், தைராய்டாக இருக்கலாம், ரத்தம் உறைவதில் கோளாறாக இருக்கலாம். கண்டுபிடித்தால் பெரும்பாலும் மருந்திலேயே கட்டுப்படுத்தலாம். 'கர்ப்பப்பையை எடுத்துடு, தொல்லை விட்டுது' என்று யாராவது சொன்னால் அவசரப்படாமல் இன்னொரு டாக்டரிடமும் கேட்டுக்கொள்ளுங்கள்.

வலி வேறு விஷயம். கர்ப்பப்பை சுருங்கி விரிய புரோஸ்டாகிளாண்டின் என்ற ரசாயனம் சுரக்கிறது. அது அதிகமானால் அடிவயிறு, இடுப்பு, தொடை வரைக்கும் பிடுங்கும். வெந்நீர் ஒத்தடம் நிஜமாகவே வேலை செய்யும். லேசாக நடப்பதும் நல்லது. மெஃபனமிக் ஆசிட், ஐபுபுரூஃபன் போன்ற மாத்திரைகள் அந்த ரசாயனத்தையே குறைப்பவை. வலி முற்றின பிறகு போடுவதைவிட ஆரம்பத்திலேயே, சாப்பிட்ட பிறகு போட்டால்தான் நன்றாகக் கேட்கும். ஆனால் அல்சர், ஆஸ்துமா, கிட்னிக் கோளாறு இருப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது. மாத்திரைக்கும் மசியாமல், மாசாமாசம் சுருண்டு படுக்க வைக்கிற வலி என்றால் எண்டோமெட்ரியோசிஸாக இருக்கலாம். உலகத்தில் சுமார் பத்துப் பெண்களில் ஒருவருக்கு இருக்கிறது. 'கல்யாணம் ஆனா சரியாயிடும்' என்பது வைத்தியம் இல்லை.

வராமலே தள்ளிப் போனால்? கல்யாணமானவர்கள் முதலில் அந்த நல்ல சேதிதானா என்று பார்த்துவிட வேண்டும். அது இல்லையென்றால் பி.சி.ஓ.எஸ்., தைராய்டு, திடீரென எடை ஏறுவது, இறங்குவது, கவலை என்று பல காரணம். மூன்று மாசம் வராவிட்டால் டாக்டர். பதினஞ்சு வயசாகியும் பெண் வயசுக்கு வராவிட்டாலும் டாக்டர். மாதவிடாய் நின்று ஒரு வருஷமான பிறகு அம்மாவுக்கோ அத்தைக்கோ ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் உடனே டாக்டர். இதில் சாக்குப்போக்கே கூடாது.

இரும்புச் சத்து மாத்திரை கொடுத்தால் எலுமிச்சை ஜூஸோடு போடலாம். காப்பி, டீயோடு போட்டால் மாத்திரை காசு தண்டம். கறுப்பாக வெளிக்குப் போகும், பயந்து நிறுத்தக்கூடாது. ரத்தம் ஏறினதும் நிறுத்திவிடாமல் டாக்டர் சொல்லும் வரை தொடர வேண்டும்.

இதையெல்லாம் ஆம்பிளைக்கு எதுக்குச் சொல்றே என்று கேட்பீர்கள். கோயமுத்தூரில் ஒருத்தர் கேட்டார். அருணாசலம் முருகானந்தம். 1998-ல் கல்யாணமான புதிதில் மனைவி எதையோ மறைத்து எடுத்துக்கொண்டு போவதைப் பார்த்து, என்னது என்று கேட்டார். பழந்துணி! நாப்கின் வாங்கினால் பால் வாங்கக் காசிருக்காது என்றாராம் மனைவி. ஊரே சிரித்தது, பைத்தியம் என்றது. மனுஷன் விடவில்லை. குறைந்த செலவில் நாப்கின் செய்யும் மெஷினைக் கண்டுபிடித்தார். 2016-ல் பத்மஸ்ரீ. 2018-ல் அவர் கதை இந்தி சினிமாவே ஆனது. அத்தனைக்கும் ஆரம்பம் ஒரு புருஷன் கேட்ட ஒரு கேள்விதான்.

நாம் மெஷின் கண்டுபிடிக்க வேண்டாம். மெடிக்கல் ஷாப்பில் நிமிர்ந்து நின்று ஒரு பாக்கெட் நாப்கின் வாங்கினால் போதும். கடைக்காரர் என்னவோ வெடிகுண்டு மாதிரி அதை நியூஸ்பேப்பரில் சுற்றி, கறுப்புக் கவரில் போட்டுத் தருகிறார். தமிழ்நாட்டில் 2019-ல் பிளாஸ்டிக் பைக்குத் தடை வந்தது. இந்தக் கறுப்புக் கவர் மட்டும் எந்த கோடவுனிலிருந்து வருகிறதோ! "கவர் வேணாங்க" என்று சொல்லிப் பாருங்கள். ஒன்றும் வெடிக்காது.

ஆபீஸிலும் அப்படியே. பீகாரில் அரசு வேலையில் இருக்கும் பெண்களுக்கு மாசம் ரெண்டு நாள் லீவு 1992-லேயே வந்துவிட்டது. 2025-ல் கர்நாடக அரசு வருஷத்துக்கு 12 நாள் என்று உத்தரவு போட்டது. நம்ம ஆபீஸில் லீவு கிடக்கட்டும். லேடீஸ் டாய்லெட்டுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா? தண்ணி வருகிறதா? மூடி போட்ட குப்பைத் தொட்டி இருக்கிறதா? யூனியன் மீட்டிங்கில் கேன்டீன் வடை சைஸைப் பற்றி அரைமணி நேரம் பேசுகிறோமே, இதுக்கு அஞ்சு நிமிஷம் ஒதுக்கக் கூடாதா?

நண்பர் வீட்டுக்கு வருவோம். டாக்டரிடமிருந்து திரும்பின அன்றைக்கு ராத்திரி, அம்மாவிடம் விஷயத்தைச் சொல்லியிருக்கிறார். அறுபத்தி மூணு வயசில் ராஜகிரி ஏறிய அதே அம்மா. கொஞ்ச நேரம் பேசாமல் வெற்றிலை மடித்துக் கொண்டிருந்தாராம். அப்புறம் சொன்னார்:

"உன்னைப் பெத்ததுக்கு அப்புறம் எனக்கும் அப்படித்தான் போச்சு. பத்து வருஷம். நடவுக்குப் போனா வரப்புல உக்காந்துடுவேன். சோம்பேறின்னுவாங்க."

"ஏம்மா சொல்லல?"

"யாருடா கேட்டீங்க?"

நண்பர் இதை என்னிடம் சொல்லும்போது குரல் கம்மிவிட்டது.

சிகிச்சை நடந்தது. ஊசி மூலம் இரும்புச் சத்து ஏற்றினார்கள். ரத்தப்போக்குக்கு மருந்து. கட்டியை அவ்வப்போது ஸ்கேன் பண்ணிப் பார்க்கிறார்கள். சில மாசம் கழித்து ஹீமோகுளோபின் 11.6. பச்சரிசி டின் பத்திரமாக இருக்கிறது.

போன வாரம் மறுபடி கோட்டைக்குப் போனார்கள். இந்தத் தடவை சென்னைக் கூட்டம் இல்லை, இவர்கள் ரெண்டு பேர்தான். அந்த அம்மா நின்று நிதானமாக ஏறி, மேலே பாலத்துக்கிட்டே போய் உட்கார்ந்துவிட்டார். நம்மாளு இருபது நிமிஷம் கழித்து, நாக்குத் தள்ள வந்து சேர்ந்தார்.

அந்த அம்மா ஒன்றும் குத்திக் காட்டவில்லையாம். தண்ணி பாட்டிலை நீட்டி, ஒரே ஒரு கேள்விதான்.

"என்னங்க பண்ணுது?"