அறியாது இட்ட ஒப்பம் ஒப்புதலாகுமா?

அரைப் பரப்புக் காணியை விற்பதாயினும், உறுதியை இருமுறை வாசிப்பித்துக் கேட்ட பின்னரே எமது கமக்காரர் ஒப்பமிடுவர். எல்லை எது, பாதை எது, கிணற்றிற் பங்கு எவ்வளவு என்று நொத்தாரிசைத் துருவித் துருவி வினவுவர். அவரே தமது வயிற்றைக் கீறுவதற்குச் சம்மதந் தெரிவிக்கும் பத்திரத்தில், வாசியாமலும் வினவாமலும் ஒப்பமிடுகின்றனர். படித்த உத்தியோகத்தரும் இவ்விடயத்தில் வேறுபட்டவரல்லர். உடல் காணியினும் கீழானதா என்று கேட்கின்றோம்.

பித்தக்கல் நோயை எடுத்துக்கொள்வோம். ஈரல் சுரக்கும் பித்தநீரைச் சேர்த்து வைத்து, கொழுப்புணவு உண்டதும் சுருங்கி அதனைக் குடலுக்குச் செலுத்துவது பித்தப்பை. பித்தநீரிற் கொலஸ்திரோல் மிஞ்சினாலும், பை செவ்வனே வெறுமையாகாவிட்டாலும் கல் உண்டாகலாம். கல் உள்ளோருட் பெரும்பாலோர் அதனால் ஒருபோதும் துன்புறுவதில்லை. அத்தகைய கல்லுக்குப் பொதுவாகக் கத்தி வேண்டியதில்லை.

துன்பந் தரும் கல்லின் கதை வேறு. உணவுக்குப் பின் வலது விலாவின் கீழ் எழுந்து, முதுகுக்கும் வலது தோளுக்கும் பரவி, மணிக்கணக்காக நிற்கும் நோவை வாய்வென்று எண்ணிச் சோடா குடித்துக் காலங் கழிப்பது பேதைமை. அதனோடு காய்ச்சலோ செங்கண்மாரியோ சேருமாயின், கல் பித்தக்குழாயை அடைத்திருக்கலாம், பை அழற்சியுற்றிருக்கலாம். சதையியும் அழற்சியுற்றால் உயிருக்கே ஆபத்து நேரலாம். அன்றே வைத்தியசாலைக்குச் செல்லல் வேண்டும்.

கல்லை மாத்திரம் எடுத்தாலாகாதா என்பர் சிலர். சிலவகைச் சிறு கற்களை மாத்திரைகள் மெல்லக் கரைக்குமாயினும், பை இருக்கும்வரை கல் மீண்டும் தோன்றக்கூடும். ஆதலாலேயே 1882 இல் பேர்லின் நகரில் கார்ல் லங்கன்புக் என்னும் வைத்தியர் பையையே அகற்றினார். 1985 இல் எரிக் மூஹே என்னும் மற்றொரு ஜெர்மானியர், வயிற்றை அகலக் கீறாது குழாய்க் கருவிகளின் வழியே அதனை நிறைவேற்றினார். இன்று பெரும்பாலும் நான்கு சிறு துளைகள் போதும். பலர் ஓரிரு நாளில் வீடு திரும்புகின்றனர். பை இன்றியும் பித்தநீர் நேரே குடலை அடையும், உணவு செரிக்கும். பித்தக்குழாய் காயமுறுதல் அரிது, நேரின் பாரதூரமானது.

இவற்றை அறியும் உரிமை நோயாளிக்கு உண்டு. எனக்கு இச்சிகிச்சை ஏன் வேண்டும்? செய்யாதுவிடின் யாது நேரும்? துளைமுறை இடைநடுவிற் பெருங்கீறலாக மாறுமா? மீண்டும் மண்வெட்டி பிடிப்பது எப்போது? இவ்வினாக்களுக்கு விடை தமிழிலே கிடைத்தல் வேண்டும். தமிழும் அரசகரும மொழியென 1987 இன் பதின்மூன்றாந் திருத்தம் கூறுகின்றது. வைத்தியத்தைத் தமிழிற் கூறவியலாதென்று எவரும் சொல்லற்க. 1847 இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயிலே தமிழில் வைத்தியங் கற்பித்து, நூல்களையும் தமிழாக்கினார். அன்று இயன்றது இன்று இயலாதா?

நாம் வைத்தியரைக் குறை கூறவில்லை. வினவாத நோயாளிக்கு விடை கூற, நெருக்கடி மிகுந்த வாட்டில் அவருக்கு நேரமேது? படித்தோர் தம் அயலவருடன் வைத்தியசாலை சென்று, பத்திரத்தை வாசித்துக் காட்டட்டும். கமக்காரர் கூச்சத்தை விட்டு வினவட்டும். விளங்காது இட்ட ஒப்பம் ஒப்புதலாகாது. விளங்கி இட்ட ஒப்பமோ, கத்தியைக் குறித்த அச்சத்திற் பாதியைப் போக்கும்.