உடலை வெட்டும் கத்தரிக்கோல்

உடலுக்கு அளவெடுத்து ஆடை தைப்பதே தையற்கலை. ஆடைக்கு அளவெடுத்து உடலையே வெட்டப் புகுந்தது மேலைநாட்டுப் புதுப்பாங்கு வணிகம். அவ் வணிகம் காட்டும் அளவே என்றுமுள்ள அழகு என நம்புவோர், அதன் வரலாற்றை ஒருமுறை புரட்டிப் பார்ப்பாராக!

19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியப் பெண்டிர் பலர், திமிங்கிலத்தின் வாய்த்தகடும் எஃகுப் பட்டையும் வைத்துத் தைத்த இறுக்குக் கச்சினால் இடையை நெரித்துக்கொண்டனர். கயிறு கோக்கும் துளைகளுக்கு மாழை வளையம் பொருத்தும் முறை வந்தபின், துணி கிழியாமல் இன்னும் இறுக்க முடிந்தது. துணிக்குக் காப்பு வந்தது, மூச்சுக்கு வரவில்லை.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பாரிசு நகர ஆடையமைப்பாளர் போல் புவாரே அக் கச்சு வேண்டாத நேரிய ஆடைகளை அமைத்தார். 1920களில், சிறுவனையொத்த மெலிந்த தோற்றமே அழகென்றாயிற்று. விடுதலை வந்ததென்று பலர் மகிழ்ந்தனர். ஆனால், வெளியே இருந்த கச்சு உள்ளே புகுந்தது. துணி செய்த வேலையைப் பட்டினி செய்யத் தொடங்கியது.

1947இல் கிறித்தியான் தியோர், குறுகிய இடையையும் அகன்ற பாவாடையையும் மீண்டும் கொணர்ந்தார். 1966இலோ, சுள்ளி என்று பொருள்படத் 'துவிக்கி' எனப்பெற்ற 16 அகவை இலண்டன் சிறுமி உலகப் பெண்டிர்க்கு அளவுகோலாக்கப்பட்டாள். இருபதாண்டுகளுக்குள் பெண்ணுடலின் இயற்கை மாறிவிட்டதா? இல்லை, மாறியது விற்பனைச் சரக்கே!

அச் சரக்கிற்கு உயிரும் விலையாயிற்று. 2006இல், பிரேசில் நாட்டு ஆடைக்காட்சிப் பெண் அனா கரோலினா ரெசுட்டன், உணவை வெறுத்து உடலை வாட்டும் நோயின் விளைவால் 21ஆம் அகவையில் மாண்டார். அவ்வாண்டே மாட்ரிட் நகர ஆடைக்காட்சி, அளவுமீறி மெலிந்தோரை மேடையேற்ற மறுத்தது. 2017 முதல் பிரெஞ்சு நாட்டில், ஆடைக்காட்சியாளர்க்கு மருத்துவர் சான்று கட்டாயமாயிற்று. உடலை மெலிதாகவோ பருமனாகவோ மாற்றிய விளம்பரப் படத்தில், அது திருத்தப்பட்ட படம் எனக் குறித்தலும் கட்டாயமாயிற்று. தீங்கு உண்மையென்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

'பெண்டிர் தாமே விரும்பி ஏற்பதற்கு வணிகன் என் செய்வான்?' என வினவுவார் உளர். ஓருருவையே பார்க்குமிடமெல்லாம் தொங்கவிட்டு, அஃதல்லாத உருவையெல்லாம் குறையென்று கற்பித்தபின், விருப்பம் என்பதற்கு இடம் ஏது?

கண்ணாடிமுன் நின்று தன் உடலை நொந்துகொள்ளும் பெண், அந் நோவைத் தனக்கு விற்றவன் யாவன் எனக் கேட்கட்டும். ஆடை உடலுக்கு அமைக. உடல் ஆடைக்கு அமையற்க!