பலராமுக்கு ஏன் இடமில்லை?

உதைபந்தாட்டத்தைப் பற்றி வாதிடுவோர் கையாளும் சொற்களுள் எனக்குச் சற்றும் ஒவ்வாத சொல் ஒன்று உண்டு. ‘பிறவித் திறமை’ என்பதே அது. ஒரு கழகத்தின் வரலாற்றில் மிகச் சிறந்த ஆட்டக்காரர் யார் என்று கேட்டால் கோல்களை எண்ணலாம், கிண்ணங்களை எண்ணலாம், ஆடிய பருவங்களை எண்ணலாம். பிறவித் திறமை மிக்கவர் யார் என்று கேட்டுவிட்டாலோ எண்ணுவதற்கு எதுவுமே இல்லை. அவரவர் கண்ணிற் பட்டதே சான்று. அவரவர் குரலின் உரமே தீர்ப்பு. வாதிடுவதற்கு இதைவிட வசதியான தலைப்பு வேறில்லை என்பதாலோ என்னவோ, நிலாவெளியில் மாலை வேளைகளில் கூடும் எங்கள் முதியோர் வட்டத்தில் இந்தக் கேள்விக்கு ஓய்வே கிடையாது.

இளையவர்கள் வந்து அமர்ந்தால் மான்செஸ்டர் யுனைடெட் பற்றிப் பேச்சு எழும். ஜோர்ஜ் பெஸ்ட்டா, கன்டோனாவா, ரொனால்டோவா என்று தொடங்கி எப்படியும் பெஸ்ட்டிலேயே முடியும். மியூனிக் விமான விபத்தின் பின்னர் 21 வயதில் மறைந்த டங்கன் எட்வர்ட்ஸின் பெயரை யாராவது ஒரு கிழவர் முணுமுணுப்பார். எவரும் காது கொடுக்க மாட்டார்கள். அது போகட்டும். நான் இங்கு எடுத்துக்கொள்வது கல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் கழகத்தை. 1920இல் பிறந்து 2020இல் நூற்றாண்டு கண்ட கழகம் அது. நாட்டுப் பிரிவினையின்போது கிழக்கு வங்கத்தை விட்டு உடுத்த துணியோடு வந்த அகதிகள் தம் மண்ணின் பெயரை அதனிடம் கண்டு மார்போடு அணைத்துக்கொண்டார்கள். புலம்பெயர்ந்து வாழும் எம்மவருக்கு அந்த உறவை விளக்க வேண்டிய அவசியமில்லை.

ஈஸ்ட் பெங்காலின் வரலாற்றில் இயல்பான திறமையில் முதல்வர் யார்? எங்கள் வட்டத்தில் ஒலிக்கும் பெயர்கள் மூன்று. அஹ்மத் கான், மஜீத் பிஷ்கர், கிருஷானு தே. நான் நான்காவது பெயர் ஒன்றைச் சொல்கிறேன்: துளசிதாஸ் பலராம். சொன்னவுடன் எழும் மறுமொழி ஒரே வார்ப்பில் இருக்கும். “அவர் நல்ல ஆட்டக்காரர்தான், மறுக்கவில்லை, ஆனால் பிறவிக் கலைஞர் என்று சொல்ல முடியாது.” இந்த ‘ஆனால்’ என்ற சொல்லோடுதான் எனக்குச் சண்டை.

முதலில் அஹ்மத் கானுக்கு உரியதை அவருக்குக் கொடுத்துவிடுகிறேன். பெங்களூர்க்காரரான அவர் 1949இல் கல்கத்தா வந்தார். வெங்கடேஷ், அப்பாராவ், தன்ராஜ், சாலே, அஹ்மத் கான் ஆகிய ஐவரையும் ‘பஞ்ச பாண்டவர்’ என்று வங்காளிகள் அழைத்தார்கள். ஐவரும் தென்னாட்டவர் என்பதை நம்மவர் பலர் அறியார். 1949, 1950, 1951 ஆகிய மூன்று ஆண்டுகளும் தொடர்ந்து ஐ.எஃப்.ஏ. கேடயம் அவர்கள் கையில் இருந்தது. 1951இலும் 1952இலும் டுராண்ட் கிண்ணம். பந்து அவர் காலில் ஒட்டிக்கொண்டு ஆடும் விதத்தைக் கண்டு அஹ்மத் கானுக்குப் ‘பாம்பாட்டி’ என்று பெயர் வைத்தார்கள். 2017இல் தொண்ணூறு வயதில் பெங்களூரில் காலமாகும்வரை அந்தப் பெயர் அவரோடு இருந்தது.

ஆயினும் அந்தப் பட்டப் பெயரே என் வழக்குக்குச் சாட்சி. பாம்பாட்டி மகுடியைத் தாயின் வயிற்றிலிருந்தா கொண்டுவருகிறான்? அஹ்மத் கான் பிறந்த வீட்டில் சகோதரர்களும் உதைபந்தாட்டக்காரர்கள். ஊரோ படைமுகாம் நகரம். வெள்ளைக்காரச் சிப்பாய்களின் மைதானங்களும் போட்டித் தொடர்களும் நிறைந்தது. நாளும் பந்தோடு வளர்ந்த பிள்ளையை ‘இயற்கை’ என்று ஒரே சொல்லில் அடக்கினால் அந்த வீட்டையும் அந்த மைதானங்களையும் கணக்கிலிருந்து அழித்துவிடுகிறோம்.

இயற்கை என்று சொல்லிச் சொல்லி இந்தியா கொடுத்த விலையும் உண்டு. 1948 லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்சுக்கு எதிராக இந்திய வீரர்களுட் பலர் வெறுங்காலோடு ஆடினார்கள். சாரங்கபாணி ராமன் கோல் அடித்தார். இரண்டு தண்ட உதைகள் வீணாகின. 1-2 என்று தோல்வி. ஆங்கிலேயர் வெறுங்காலை வியந்து பாராட்டினர். அந்தப் பாராட்டில் மயங்கி, நான்கு ஆண்டுகளுக்குப் பின் ஹெல்சிங்கியிலும் பலர் வெறுங்காலோடே இறங்கினார்கள். யூகோஸ்லாவியா பத்துக் கோல்கள் போட்டது. இந்தியாவின் ஒரே கோல் அஹ்மத் கானுடையது. அதன் பிறகுதான் சப்பாத்து அணிந்தே ஆடவேண்டும் என்று விதி வந்தது. மேதை ஒருவர் அணியில் இருந்தும் பத்துக் கோல். ‘பிறவித் திறமை’ வாதிகள் இந்த ஆட்டத்தைப் பற்றிப் பேசுவதே இல்லை.

மற்ற இருவரைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. மஜீத் பிஷ்கர் 1978 உலகக் கிண்ணத்துக்குச் சென்ற ஈரான் குழாமில் இருந்தவர். அலிகாருக்குப் படிக்க வந்து, 1980இல் ஈஸ்ட் பெங்காலில் சேர்ந்தார். ஓரிரு பருவங்களில் கல்கத்தாவைக் கிறங்கடித்துவிட்டு வேறு கழகத்துக்குப் போனார். 2019இல் நூற்றாண்டு விழாவுக்கு அவர் திரும்பி வந்தபோது திரண்ட கூட்டத்தைக் கண்டவர்கள் அந்த மயக்கத்தின் ஆழத்தை அறிவர். கிருஷானு தேயை ‘இந்திய மரடோனா’ என்றார்கள். 2003இல் நாற்பத்தொரு வயதிலேயே போய்விட்டார். இருவரும் அருமையான ஆட்டக்காரர்கள். ஐயமில்லை. ஆனால் இந்த மூவரையும் சேர்த்துக் கட்டும் நூல் எது என்று பாருங்கள். மூவரும் பந்தைக் காலில் வைத்துக்கொண்டு எதிராளியை ஏமாற்றுபவர்கள். ஆக, பிறவித் திறமை என்று நாம் சொல்வது ஏமாற்றி ஓடும் வித்தையை மட்டுமே. வெற்றிடத்தைக் கண்டு அங்கே முன்கூட்டியே போய் நிற்பது திறமையாகாதா? இரு காலாலும் ஒரே உதையில் பந்தைத் தோழனிடம் சேர்ப்பது பிறவியில் வராதா? கண் கூசும்படி தெரிவது மட்டும்தான் இயற்கை, மற்றதெல்லாம் உழைப்பு என்று வகுத்தவர் யார்?

இனிப் பலராம். 1936இல் செகந்திராபாத்தை அடுத்த அம்முகுடாவில் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்தவர். வீட்டில் வறுமை. காவற்றுறையினர் கழித்துப் போட்ட பழைய சப்பாத்துகளைக் கொண்டு செருப்புத் தைப்பவர் ஒருவர் செய்து கொடுத்ததே அவரது முதற் சப்பாத்து என்றும், அதற்கான இரண்டு ரூபாயைத் தாயிடம் கெஞ்சி வாங்கினார் என்றும் அவரே பேட்டிகளிற் கூறியிருக்கிறார். அவரைக் கண்டெடுத்தவர் ஐதராபாத்தின் சையத் அப்துல் ரஹீம். இந்திய அணியின் பயிற்றுநர். பயிற்சிக்கு வரச் சொன்னார். செகந்திராபாத்திலிருந்து ஐதராபாத்துக்கு நாள்தோறும் வந்துபோகப் பணமில்லை என்றார் பையன். துவிச்சக்கர வண்டியை வாடகைக்கு எடுத்து வர ரஹீம் நாளுக்கு ஒரு ரூபாய் கொடுத்தார்.

1956இல் அந்தப் பையன் மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நின்றான். இந்தியா நான்காம் இடம் பெற்ற ஒலிம்பிக் அது. தெருவிலிருந்து ஒலிம்பிக்குக்கு இத்தனை விரைவிற் சென்ற ஒருவருக்குப் பிறவித் திறமை இல்லை என்றால் அந்தச் சொல்லுக்கு என்ன பொருள்?

ரஹீமின் பயிற்சி முறையில் ஒரு விந்தை உண்டு. பந்தை வைத்துக்கொண்டு எதிராளியை ஏமாற்றி ஓடுவதே கூடாது என்ற விதியோடு அவர் போட்டித் தொடர்கள் நடத்தினார். பலங்குறைந்த காலால் மட்டும் ஆடவேண்டும் என்றும் போட்டி வைத்தார். எங்கள் வட்டத்தார் எதைத் திறமை என்கிறார்களோ அதையே அவர் தடைசெய்தார்! அந்தப் பட்டறையில் வார்க்கப்பட்டவர் பலராம். முன்னணியில் எந்த இடத்திலும் ஆடுவார். இடது ஓரத்தில் நிறுத்தினாலும் நடுவில் நிறுத்தினாலும் அவருக்கு ஒன்றுதான். 1960 ரோம் ஒலிம்பிக்கில் ஹங்கேரிக்கு எதிராகக் கோல் அடித்தார். 1962 ஜகார்த்தாவில், பகைமை கொப்புளித்த கூட்டத்தின் நடுவே தென்கொரியாவை 2-1 என்று வென்று ஆசியப் பொன்பதக்கம் பெற்ற அணியில் சுனி கோஸ்வாமி, பி.கே. பானர்ஜி ஆகியோரோடு முன்னணி மூவருள் ஒருவர் அவர்.

கழகத்துக்கு வருவோம். 1957இல் ஈஸ்ட் பெங்காலுக்கு வந்தார். 1958இல் ஐ.எஃப்.ஏ. கேடயம். 1961இல் தலைவர். 1952க்குப் பின் ஒன்பது ஆண்டுகளாகக் கைக்கு எட்டாதிருந்த கல்கத்தா லீக்கை அவர் தலைமையில் கழகம் வென்றது. 23 கோல்களோடு லீக்கில் முதலிடம் அவருக்கே. தலைமையும் ஏற்று, மற்றவர்க்கும் பந்து கொடுத்து, தானும் அடித்த 23 கோல்கள். பாண்டவர் ஐவர் சேர்ந்து தூக்கிய பாரத்தை ஒருவர் ஏறத்தாழத் தனித்துத் தூக்கிய பருவம் என்று அதைச் சொல்வேன். மறுப்பவர் மறுக்கட்டும்.

அவரை நான் நேரில் பார்த்ததில்லை. எங்கள் வட்டத்தில் அஹ்மத் கானைப் பார்த்தவரும் எவருமில்லை என்பதை நினைவூட்டிக்கொள்கிறேன்.

பின் ஏன் மறந்தோம்? காரணம் ஆடுகளத்துக்கு வெளியே இருக்கிறது. நுரையீரல் நோய் 1963இல் அவரது உச்ச ஆட்டத்தை முறித்தது. அப்போது முப்பது வயதும் ஆகவில்லை. பி.கே. பயிற்றுநராகி அரை நூற்றாண்டு மேடையில் இருந்தார். சுனி மோகன் பாகானின் முகமாக நிலைத்ததோடு வங்காளத்துக்குக் கிரிக்கெட்டும் ஆடினார். 1983இல் சுனிக்கும் 1990இல் பி.கே.க்கும் பத்மஸ்ரீ வந்தது. பலராமுக்கு 1962இல் கிடைத்த அர்ஜுனா விருதோடு சரி. மணம் செய்யாமல், கல்கத்தாவை அடுத்த உத்தர்பாராவில் அமைதியாக வாழ்ந்து 2023 பெப்ரவரி 16இல் மறைந்தார். வங்காளிகளுக்கு அவர் வெளியூரார். ஐதராபாத்துக்கு அவர் கல்கத்தாக்காரர். தமிழருக்கோ அவர் தமிழர் என்பதே தெரியாது. மேடை இல்லாதவனின் திறமையை ‘உழைப்பு’ என்று பெயரிட்டு ஒரு படி கீழே வைப்பது எவ்வளவு எளிது!

நிலாவெளியில் இருந்துகொண்டு இதற்காக நான் ஏன் கொதிக்கிறேன் என்று கேட்கலாம். பெங்களூரும் செகந்திராபாத்தும் தரைப்படை முகாம்கள் என்றால் திருகோணமலை கடற்படை முகாம். 1957வரை பிரித்தானியக் கடற்படை இங்கு இருந்தது. மாலுமிகளின் பந்து இங்கும் உருண்டது. கடற்கரை மணலில் ஓடிப் பழகிய கால்கள் இங்கும் உண்டு. இல்லாதது ரஹீம் மட்டும்தான்.

இங்கே வரும் ஒவ்வொரு விருந்தினரும் மாலையில் மணலில் ஆடும் பொடியன்களைப் பார்த்து, “என்ன ஒரு பிறவித் திறமை!” என்று வியந்துவிட்டுப் போகிறார்கள். வியப்பு அவர்களைக் கடமையிலிருந்து விடுவித்துவிடுகிறது. பிறவியிலேயே வந்துவிட்டதென்றால் நாம் கொடுப்பதற்கு என்ன இருக்கிறது? போரும் 2004 ஆழிப்பேரலையும் கடந்து வந்த இந்தக் கரையில், பதினேழு வயதில் அந்தப் பொடியன் வள்ளத்தில் ஏறுகிறான், அல்லது ஹோட்டலில் தட்டுக் கழுவுகிறான், அல்லது கட்டாருக்குப் போகிறான். பலராம் மறைந்த அந்த மாதத்தில் இலங்கை உதைபந்தாட்டமே உலகச் சம்மேளனத்தின் தடையில் கிடந்தது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டு அன்பர்களுக்கும் ஒரு சொல். ஊருக்கு ஊர் நினைவுக் கிண்ணம் நடத்துகிறீர்கள். தந்தையின் பெயரில் ஆளுயரக் கிண்ணம், ஒலிபெருக்கி, பதினொரு பேருக்கும் பளபளக்கும் மேற்சட்டை. இரண்டு நாளில் எல்லாம் முடிந்துவிடுகிறது. நிலாவெளியிலிருந்து திருகோணமலை நகரம் ஏறத்தாழப் பதினைந்து கிலோமீற்றர். வாரம் மூன்று நாள் ஒரு பொடியன் பேருந்தேறிப் பயிற்சிக்குப் போய்வர ஆகும் பணத்தையும், அங்கே அவனுக்குப் பலங்குறைந்த காலால் ஆடக் கற்றுக்கொடுக்கும் ஒருவருக்கான சம்பளத்தையும் அந்தக் கிண்ணத்தின் விலையோடு ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள். ரஹீம் கிண்ணம் கொடுக்கவில்லை. வண்டி வாடகை கொடுத்தார்.

அஹ்மத் கானே முதல்வர் என்று இன்னும் நிற்போர் தாராளமாக நிற்கட்டும். அவரைத் தள்ள எனக்கும் மனமில்லை. மஜீத் என்போரும் நிற்கட்டும். ஆனால் 1961ஆம் ஆண்டுப் பருவத்தை எனக்கு விளக்கிவிட்டு நிற்கட்டும்.